பன்னிரண்டு கட்டங்கள்

டீ ஆறிவிடும், குடித்துவிட்டு வாக்குமூலத்தை எழுதிக்கொள்ளுங்கள், புவான் இன்ஸ்பெக்டர். நான் எங்கும் ஓடப்போவதில்லை. முட்டி போனதிலிருந்து கேட் வரைக்கும் நடப்பதே பெரிய பாடு.

கிள்ளானில் இந்த வீட்டுக்கு எந்த பில் வந்தாலும் நான்தான் கவுண்டருக்குப் போய்க் கட்டுவேன். அம்மா இருந்த காலத்திலிருந்து அதுதான் வழக்கம். சம்பளத்தன்று என் தங்கச்சி வாணி கார் தவணைப் பணத்தை உறையில் போட்டு என்னிடம் கொடுத்துவிடுவாள். ஃபோனிலேயே கட்டிக்கொள்கிறேன் என்று ஒருமுறை சொன்னாள். ஸ்கேம்காரன் மொத்தத்தையும் உருவிவிடுவான் என்றேன். பாவம், நம்பினாள்.

அம்மா இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை, பிரிக்பீல்ட்ஸில் ஃபிளாட் வாங்கப்போவதாகச் சொன்னாள். "வாரா வாரம் வாங்கண்ணே, பக்கந்தான லா" என்றாள். இந்த வீட்டில் நான் மட்டும் இருப்பதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

வங்கிக்காரர்கள் முதலில் எதைப் பார்ப்பார்கள் என்று லோரி வாங்க அலைந்த காலத்திலேயே கற்றுக்கொண்டேன். கடன் அறிக்கையில் மாதத்துக்கு ஒரு கட்டம், மொத்தம் பன்னிரண்டு. ஒழுங்காகக் கட்டினால் பூஜ்ஜியம். இரண்டு மாதம் பாக்கி என்றால் இரண்டு. மதிப்பெண்ணும் கூடவே இறங்கும். அவள் பணத்தில் நான் ஒரு காசு தொட்டதில்லை, புவான். தாமதமாகக் கட்டினேன், அவ்வளவுதான். அபராதம்கூட என் கைக்காசு. வங்கியில் கொடுத்திருந்தது என் ஃபோன் நம்பர், பாக்கி கேட்டு அவர்கள் அழைப்பதெல்லாம் எனக்குத்தான் வரும். பழைய மாதங்கள் அறிக்கையிலிருந்து விலகிப்போகும் என்பதால் வருடா வருடம் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. நான்கு வருடம் செய்தேன்.

ஃபிளாட்டுக்குக் கடன் கேட்டபோது மூன்று வங்கிகள் கைவிரித்தன. "ஒழுங்காதானேண்ணே கட்டுறோம், அப்புறம் ஏன்?" என்று அழுதாள். கையெழுத்து வாங்கிக்கொண்டு நானே போய் அறிக்கையை எடுத்தேன். வழியிலேயே கிழித்துப் போட்டேன். "உன் ஐசி அட்டைய வச்சு யாரோ வட்டிக்காரன்கிட்ட கடன் வாங்கியிருக்கான்மா" என்றேன்.

அதன்பின் ஃபோன் அடித்தாலே அவள் முகம் வெளுத்துவிடும். அப்படியும் போன மாதம், வாடகைக்கு ஒரு ரூம் பார்த்துவிட்டேன் என்றாள். மறுநாள் காலையில் எங்கள் கேட்டில் சிவப்புச் சாயம். பணம் கட்டாதவர்கள் வீட்டில் வட்டிக்காரர்கள் ஊற்றுவார்களே, அதே மாதிரி.

அன்றிலிருந்து அவள் வேலைக்குப் போவதில்லை. சன்னல் திரையைக்கூட விலக்கமாட்டாள். கூட வேலை செய்யும் ஷாமினி புகார் கொடுத்ததால்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள். நல்ல பிள்ளை. ஆனால் வாணிக்கு இங்கே என்ன குறை? மூன்று வேளையும் நான்தான் சமைக்கிறேன். நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லன்னா பயத்துலயே செத்திருப்பேண்ணே" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சாயம் ஊற்றியது யார் என்று கேட்டீர்கள். ஸ்டோரில் பழைய டயருக்குப் பின்னால் பாருங்கள், பாதி டின் மிச்சமிருக்கிறது. மூடியை இறுக்கித்தான் வைத்திருக்கிறேன், காய்ந்துபோகக் கூடாதென்று.