வருத்தம் தெரிவிக்கத் தடையில்லை

எனக்குச் சட்டென்று கோபம் வராது, ஐயா. அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆகவே, கோபத்தில் செய்தேன் என்று நீங்கள் எழுதிக்கொண்டால் அது உண்மையாகாது.

நீக்குவதுதான் என் வேலை. சமூக ஊடகப் பதிவுகளைப் பற்றி மக்கள் புகார் செய்தால், அவை எங்கள் திரைக்கு வரும். விதியை மீறியதை எடுத்துவிட்டு, காரணத்தைப் பதிவிட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும். மற்றவர்கள் ஒரே வரியில் முடித்துக்கொள்வார்கள். நான் விரிவாக எழுதுவேன். ஒருவன் வாயை அடைத்துவிட்டுக் காரணம் சொல்லாமல் நகர்வது அநீதி என்று இளமையில் மேடை மேடையாகப் பேசியவன் நான். இதனாலேயே அலுவலகத்தில் எனக்கு ‘வாத்தியார்’ என்று பெயர்.

குடியேறிகளை அடித்து விரட்ட வேண்டும் என்று கிளம்பிய அந்த அமைப்பின் பதிவுகளும் என்னிடம்தான் வந்தன. கொச்சையும் மிரட்டலுமாக இருந்தன. நீக்கினேன், காரணமும் எழுதினேன். அந்தப் பக்கத்தை நடத்தியவர் பணிவாகக் கேட்டார்: “அப்படியானால் எப்படிச் சொல்லலாம்?” நியாயமான கேள்வி. பேச்சைத் திருத்தினால் ஆளும் திருந்துவான் என்று நம்பினேன். கட்டளையிடாதீர்கள், கேள்வி கேளுங்கள் என்றேன். வசைபாடாதீர்கள், கவலைப்படுங்கள் என்றேன். நல்ல மாணவரைப் போலக் கேட்டுக்கொண்டார். பின்னர் பதிவேற்றுவதற்கு முன்பே என் கைபேசிக்கு அனுப்பித் திருத்தி வாங்கிக்கொண்டார்.

அடுத்த இருக்கையில் இருப்பவரை எல்லாரும் அக்கா என்போம். நான் திருத்திக்கொடுப்பது அவருக்குத் தெரியாது. பக்கம் வளர்வது மட்டும் கண்ணில் பட்டது.

“முன்னெல்லாம் இவனுங்க எழுதுறத நாலு வெட்டிப் பசங்கதான் பாத்தானுங்க, வாத்தியாரே. இப்ப என் மாமியாரே எனக்கு அனுப்புறாங்க. எவ்வளவு பதமா எழுதியிருக்கான் பாருன்னு சர்டிபிகேட் வேற.”

எனக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். அதை மறைக்க மாட்டேன்.

அக்காவின் தம்பி நகல் எடுக்கும் கடை வைத்திருந்தான். அமைப்பின் துண்டறிக்கையை அச்சடிக்க மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான். சில நாள் கழித்து அந்தக் கடையின் படம் தெருப்பெயரோடு வெளியானது. கீழே ஒரே வரி: “இந்தக் கடை இன்னும் திறந்தே இருக்கிறது என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.”

தன் உறவினர் தொடர்பான பதிவை எவரும் தாமே நீக்கக் கூடாது என்பது அலுவலக ஒழுங்கு. அக்கா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“இது என் தம்பி கடை. தூக்கிடுங்க.”

“எந்த விதியில, அக்கா?”

“படிக்கிறப்பவே பயமா இருக்கு. உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா?”

“பயமா இருக்குன்னு காரணம் எழுத முடியாதே.”

“கடைக்குள்ளயேதான் அவன் படுத்துக்கறான், வாத்தியாரே. ஒரு அமுக்கு அமுக்குங்க. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்.”

விதிகளை முதலிலிருந்து படித்தேன். வருத்தம் தெரிவிக்க யாருக்கும் தடையில்லை. பதிவு நிற்கலாம் என்று குறித்தேன். அக்கா நாற்காலியைத் தன் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

அதன்பின் நடந்தது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஷட்டரை வெளிப்புறம் பூட்டிவிட்டுத் தீ வைத்திருக்கிறார்கள். அவன் உள்ளே இருந்தான்.

அந்த வரி யாருடையது என்று கேட்டீர்கள். அவர்கள் எனக்கு அனுப்பியதில் ‘கொளுத்துங்கள்’ என்றிருந்தது. அதை அடித்துவிட்டு, வருத்தத்தை எழுதிக்கொடுத்தவன் நான். யாருடைய கடை என்று எழுதும்போதே தெரியும். அவன் உள்ளே படுப்பான் என்பது, பதிவை நிற்கவிட்டபோது தெரியும். தெரிந்தவருக்கு ஒரு நீதி, தெரியாதவருக்கு ஒரு நீதி என்பதை வாழ்நாளெல்லாம் எதிர்த்தவன் நான், ஐயா. அக்காவின் தம்பி என்பதற்காக அதை எப்படி மாற்றிக்கொள்வது?

இறுதி ஊர்வலம் முடிந்த அன்று அக்கா தம் பக்கத்தில் எழுதியிருந்தார். முழுக்க வசையும் சாபமும். அவர்கள் வீடும் பற்றி எரிய வேண்டும் என்று ஒரு வரி. புகார் என் திரைக்கு வந்தது. நீக்கினேன். இப்படியெல்லாம் எழுதாமல் எப்படித் துயரப்படலாம் என்று அவருக்கும் பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.