முகமூடிக்குள் இரண்டாம் பாகம்

டீ நன்றாக இருக்கிறது, சார். படப்பிடிப்பில் எனக்குக் கிடைக்கும் டீ எப்போதும் ஆறிப்போனதாகத்தான் இருக்கும். எல்லோருக்கும் கொடுத்த பிறகுதானே டூப்புக்கு வரும்.

என் தங்கையின் கணவர் நடித்த அந்தப் பழைய சண்டைப் போட்டிப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதில் கூரையிலிருந்து குதித்தது, கண்ணாடியை உடைத்தது, இறுதிப் போட்டியில் எதிரியை மடக்கியது எல்லாம் நான். திரையில் என் முதுகு தெரியும். மாலை விழுந்தது மச்சான் கழுத்தில். அதில் எனக்கு வருத்தம் இல்லை. தொழில் அப்படி.

அதன் இரண்டாம் பாகம் எனக்குள் வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தது. இந்தக் காலத்துப் போட்டி. அரங்கத்தில் ஆளே இல்லை. எல்லோரும் செல்போனில் பார்க்கிறார்கள். வயதான சாம்பியன் மறுபடி இறங்குகிறான். முன்பு அவனிடம் தோற்றவன் வந்து கழுத்தில் பிடி போடுகிறான். சாம்பியன் தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்கிறான். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது மச்சானிடம் சொன்னேன்.

"தோக்கறதா? என் ரசிகன் சீட்டைக் கிழிச்சுடுவான் மச்சான். நான் தட்டறேன், அவன் விடல. அப்புறம் திமிறி எந்திரிச்சுப் பின்னி எடுக்கறேன். எப்படி?" என்றார். பிறகு, "அந்த எதிரியா நீயே நடி" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காக, சாம்பியன் தோற்கும் என் முடிவை விட்டுக்கொடுத்தேன். தினமும் கண்ணாடி முன் நின்று முகத்தைப் பழக்கினேன்.

முதல் நாள், உடை அலங்காரக்காரர் ரப்பர் முகமூடியோடு வந்தார்.

"உன் மூஞ்சியப் பாத்தா ஜனங்களுக்குப் பயம் வராது மச்சான், பாவம்தான் வரும்" என்றார் மச்சான். செட்டே சிரித்தது. நானும் சிரித்தேன். மாட்டிவிட்ட பிறகும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். யாருக்கும் தெரியவில்லை.

பசை போட்டு ஒட்டுவார்கள். வேலை முடியும்வரை கழற்ற முடியாது. விட்ட மூச்சையே திரும்ப இழுக்க வேண்டும். மூக்கு அரித்தால் அரித்ததுதான்.

கடைசிச் சண்டைக்குத் தங்கை வந்திருந்தாள். "அண்ணா, அவருக்குக் கழுத்தெலும்பு தேஞ்சிருக்கு. நீ பிடிக்கறதாலதான் நிம்மதியா இருக்கேன்" என்றாள். தலையாட்டினேன்.

இங்கே ஒரு தொழில் விஷயம், சார். கழுத்துப் பிடியில் மூச்சு முட்டினால் தரையைத் தட்டுவோம். எதிராளி உடனே விட்டுவிட வேண்டும். ஆனால் இந்தக் காட்சியில் தட்டுவதே நடிப்பு. அதனால் நிஜமாகவே முட்டினால் என் தொடையைக் கிள்ளுவது என்று பேசிவைத்தோம். இதை யூனிட்டுக்குச் சொல்ல மறந்துவிட்டோம் என்று முதலில் உங்களிடம் சொன்னேன். மறக்கவில்லை. "நான் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்" என்று மச்சானிடம் சொன்னவனே நான்தான். சொல்லவில்லை.

மச்சான் தட்டினார். டைரக்டர் 'அப்படியே, அப்படியே' என்று கையசைத்தார். மச்சான் கிள்ளினார். பிறகு நகம் பதிந்தது. உங்கள் டாக்டர் கேட்ட காயம் அதுதான். அப்புறம் அந்தக் கை மெதுவாக நழுவியது. நடிப்பைப் பார்த்து யாரோ கைதட்டினார்கள். தங்கையும் தட்டினாள்.

கோபத்தில் செய்ததாக எழுதாதீர்கள். கதைக்கு எது நியாயமோ அதைத்தான் செய்தேன். சாம்பியன் தோற்றால்தான் இந்தப் படம் நிற்கும். தங்கையும் ஒருநாள் இதைப் புரிந்துகொள்வாள்.

பிடியை விட்டதும் முகமூடியைப் பிய்த்தேன். கொஞ்சம் தோலும் வந்தது. அவள் அவரை உலுக்கிக்கொண்டிருந்தாள். நான் கேமரா பக்கம் திரும்பி நின்றேன்.

நீங்கள் கேட்டதையெல்லாம் சொல்லிவிட்டேன், சார். அந்த ஷாட் இப்போது உங்கள் வசம்தானே இருக்கிறது? ஒன்றே ஒன்று பார்த்துச் சொல்லுங்கள். என் முகம் தெளிவாக விழுந்திருக்கிறதா?