சிவப்புக்கு நடுவுல ஒரு வரி

கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கறேன்... ம். இப்ப சின்னதா ஒரு கதை சொல்றேன். சிரிக்கிற கதை இல்லை, முன்னாடியே சொல்லிட்டேன். பின்னாடி போன் பார்க்கற தம்பி, நீங்களும் கேளுங்க. இது உங்க ஆளுங்க கதைதான்.

சோழிங்கநல்லூர்ல ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. பேர் வேண்டாம். ஆஸ்பத்திரிகளுக்கு சாஃப்ட்வேர் எழுதறாங்க. இன்ன நோயாளிக்கு இன்ன மருந்து ஆகாதுன்னு பதிஞ்சு வச்சா, அந்த மருந்தைக் குடுக்கப் போறப்ப நர்சம்மா ஸ்கிரீன்ல எச்சரிக்கை வரும். நல்ல வேலைதானே? அங்க யார் எதை மாத்தி எழுதினாலும், கம்ப்யூட்டர் தானாவே மொத்தத்தையும் சோதிச்சு ரிசல்ட் போடும். எல்லாம் சரின்னா பச்சை. ஒண்ணு தப்புன்னாலும் சிவப்பு.

இதுல என்ன கொடுமைன்னா... அந்த ரிசல்ட் எப்பவுமே சிவப்பு. ஏன்? எப்பவோ தூக்கிப் போட்ட ஒரு பிரிண்டரை அது இன்னும் தேடிக்கிட்டு இருக்கு. கிடைக்கலை, கிடைக்கலைன்னு பக்கம் பக்கமாப் புலம்புது. அதை நிறுத்த ஒருத்தருக்கும் நேரமில்லை. பழகிட்டாங்க. சிவப்பா? "அட, பிரிண்டரா இருக்கும்... ஆஸ்பத்திரிக்கு அனுப்பு."

மெஹ்ருன்னிசான்னு ஒரு பொண்ணு அங்க வேலை பார்த்துச்சு. மேனேஜர் கோதண்டராமன்கிட்ட போய்க் கேட்டுச்சு. "சார், ஒரு வாரம் குடுங்க. இந்தப் புலம்பலை எல்லாம் எடுத்துட்டு, எது உடைஞ்சிருக்குன்னு மேலயே ஒரு வரியில தெரியற மாதிரி பண்ணிடறேன்."

அவர் என்ன சொன்னாரு தெரியுமா? "ஏம்மா, இதை கஸ்டமரா பார்க்கப் போறாரு? அப்புறம் பார்த்துக்கலாம்."

அப்புறம்... அப்புறம்னு சொல்லியே எத்தனை காரியத்தைக் கெடுத்திருக்கோம்?

ஒரு நாள் யாரோ ஏதோ சின்னதா மாத்தினாங்க. அதுல அந்த எச்சரிக்கை வர்றதே நின்னு போச்சு. கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சிடுச்சுங்க. 'எச்சரிக்கை வரலை'ன்னு தெளிவா ஒரு வரி போட்டுச்சு. எங்க போட்டுச்சு? பிரிண்டர் புலம்பலுக்கு நடுவுல. இவங்க சிவப்பைப் பார்த்தாங்க... அனுப்பிட்டாங்க.

காய்ச்சல்னு வந்து படுத்த ஒரு அம்மா, செல்வராணி. ஆகாத ஊசியைப் போட்டுட்டாங்க. அந்த அம்மா எழுந்திருக்கவே இல்லை.

விசாரணைக்கு எல்லாரையும் ஆஸ்பத்திரியில உட்கார வச்சாங்க. செல்வராணியோட வீட்டுக்காரர் அற்புதராஜ் சத்தம் போடலை. மெதுவாத்தான் கேட்டாரு. "உங்க மெஷின் இதைக் கண்டுபிடிக்கலீங்களா?"

மேனேஜர் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. அந்தப் பொண்ணுதான் அழுதுக்கிட்டே சொல்லுச்சு. "கண்டுபிடிச்சுதுங்க ஐயா. சொல்லுச்சு. நாங்கதான் படிக்கலை."

அதுக்கு அந்த மனுசன் சொன்னாரு. "என் சம்சாரமும் சொன்னாம்மா. ஊசி போட வந்தப்ப, இது எனக்கு ஆகாத ஊசி மாதிரி இருக்கேன்னு சொன்னா. ஸ்கிரீன்ல ஒண்ணும் வரலையேன்னு நர்சு சொன்னாங்க. நான்தான்... சும்மா இரு, உனக்கு எப்பவும் ஏதாவது ஒண்ணுன்னு அதட்டிட்டேன்."

...

நான் கம்ப்யூட்டரைப் பத்திப் பேச வரலைங்க. உங்க வீட்டுலயும் ஒருத்தர் தினம் ஏதோ சொல்லிக்கிட்டுத்தான் இருக்காங்க. முட்டி வலிக்குதும்பாங்க, பையன் முகம் சரியில்லைம்பாங்க. தொணதொணப்புன்னு ஒதுக்கிட்டீங்க. நூறுல ஒண்ணு நெசமா இருக்கும். அந்த ஒண்ணு தனியாக் கேக்கணும்னா, வேண்டாத சத்தத்தை இன்னைக்கே குறைங்க. உட்கார்ந்து கேளுங்க.

அந்தக் கம்பெனியில இப்ப ரிசல்ட் ஒரே வரியில வருதாம், எல்லாரும் படிக்கறாங்களாம். அற்புதராஜும் இப்ப பொறுமையாக் கேக்கத் தயாராத்தான் இருக்காரு... சொல்றதுக்குத்தான் வீட்டுல ஆள் இல்லை.