ஐந்து வோல்ட்

அவசரப்பட்டு ஒரு வேலையைச் செய்யும் பழக்கம் எனக்குக் கிடையாது. கொச்சி தேவராவில் கப்பல் கருவிகளைப் பழுதுபார்த்த முப்பத்தொரு வருஷத்தில், நான் கை வைத்த பொருள் எதுவும் இரண்டாம் முறை திரும்பி வந்ததில்லை. நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். மலையாளம் நன்றாகப் பேசுவேன், ஆனால் நிதானமாக எழுத எனக்குத் தமிழ்தான் வரும். ஸ்டேஷனில் படித்துச் சொல்ல ஆள் உண்டு என்றீர்கள், அதனால் தமிழிலேயே எழுதுகிறேன்.

என் பெயர் சங்கர்ராம், வயது எழுபத்திரண்டு, வீடு மட்டாஞ்சேரி. என் மனைவி காமாக்ஷி பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்தாள். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவள், மூளையில் ரத்தக்குழாய் அடைத்து விழுந்தாள். அதற்குப் பிறகு அசைந்தது கண்ணும் வலது கட்டைவிரலும் மட்டும். காது கேட்கும். புத்தி முழுசாக இருந்தது, என்னுடையதைவிடக் கூர்மை என்றுகூடச் சொல்வேன்.

அவளைப் பேச வைத்தது நான்தான். பள்ளிக்கூடம் கழித்துப் போட்ட எண்பதுகளின் கம்ப்யூட்டர் ஒன்று பரணில் கிடந்தது. அதற்கு ஒரு ப்ரோக்ராம் எழுதினேன். கட்டைவிரலுக்கு அடியில் ஒரு ஸ்விட்ச். ஒரு தடவை தட்டினால் திரையில் இங்கிலீஷ் எழுத்துகள் ஒன்றரை விநாடிக்கு ஒன்றாக வரும், வேண்டிய எழுத்தில் மறுபடி தட்டினால் அது நிற்கும். அப்படித் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் கோப்பாள். ஃபேனைப் போடு என்று சொல்ல ஏழெட்டு நிமிஷம் ஆகும். தெருவில் எல்லோரும் வந்து பார்த்தார்கள், புருஷன் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்றார்கள். குளிப்பாட்டுவது, மூத்திரக் குழாயைக் கவனிப்பது, கஞ்சி ஊற்றுவது எல்லாம் நானே செய்தேன். கூலிக்கு ஆள் வைக்க எனக்கு மனசு ஒப்பவில்லை.

படுக்கையில் கிடப்பவர்களை மாதம் ஒரு முறை வீடு தேடி வந்து பார்க்கும் பாலியேட்டிவ் நர்ஸாக இந்த மே மாதம் சுனிதா வந்தாள். கொச்சியிலேயே பிறந்த தமிழ்ப் பெண், பாதி மலையாளம் கலந்து பேசுவாள், சிரிப்புக்குக் குறைவில்லை. ஜூன் பத்தாம் தேதி அவள் எதிரில் காமாக்ஷி முக்கால் மணி நேரம் தட்டினாள். திரையில் வந்தது இதுதான்: எனக்கு ஹோம் நர்ஸ் வேணும். இவர் தொட வேண்டாம்.

சுனிதா என்னை அடுக்களைப் பக்கம் கூப்பிட்டாள். "சாரே, தப்பா எடுக்கண்டாம். சேச்சிக்குப் பொம்பளை ஆளு ஒண்ணு இருந்தா கொஞ்சம் ஆசுவாசமா இருக்கும். நான் பாக்கட்டா?"

பார்க்கலாம் என்றேன். எனக்குக் கோபம் வரவில்லை. அவமானமாக இருந்தது. எட்டு வருஷம் செய்தவனை வெளியாள் முன்னால், அதுவும் நான் எழுதிய ப்ரோக்ராமிலேயே வேண்டாம் என்று சொன்னாள்.

மறுநாள் காலை மெஷினிலிருந்து புகை வந்தது. அது என் வேலை அல்ல, இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். பழைய பவர் சப்ளைகளில் கரண்ட் நுழையும் இடத்தில் மஞ்சள் பிளாஸ்டிக் மூடிய கண்டென்சர்கள் இருக்கும். உப்புக்காற்றில் விரிசல் விட்டு ஒருநாள் புகைந்துவிடும். பெட்டியைக் கழற்றிப் பக்கத்து அறை மேஜையில் வைத்தேன். இரண்டு மஞ்சள் கண்டென்சரும் வெடித்திருந்தன, உள்ளே இன்னொன்று உப்பியிருந்தது. வாசலைப் பூட்டிக்கொண்டு எறணாகுளம் பள்ளிமுக்குக்குப் போய் மூன்றையும் வாங்கி வந்தேன். கடைக்காரன் இதையெல்லாம் தூக்கிப் போட்டுப் புதுசு வாங்கக் கூடாதா என்றான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தூக்கிப் போடத்தான் தெரியும்.

இந்த மாதிரி சப்ளையை வெறுமனே ஓட்டிப் பார்க்கக் கூடாது, சுமை வேண்டும். நான் ஸ்கூட்டர் பல்ப் ஒன்றை மாட்டுவேன். பல்ப் மினுக்கினால் கோளாறு இருக்கிறது, அசையாமல் எரிந்தால் வேலை முடிந்தது. ஜூன் பதினாறாம் தேதி ஐந்து வோல்ட் சுத்தமாக வந்தது, பல்ப் அரைமணி நேரம் அசையாமல் எரிந்தது. திறந்திருந்த கதவு வழியாகக் கட்டிலிலிருந்து காமாக்ஷி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் வேலையைப் பார்த்தே பழகியவள், அதற்கு அர்த்தம் தெரியும். அவள் கண்ணில் அப்படி ஒரு சந்தோஷம்.

"இன்னும் சரியாகலை, காமு. வோல்டேஜ் ஆடறது" என்றேன்.

அவள் பல்பைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

டொரண்டோவிலிருந்து எங்கள் பெண் ஸாதனா தினமும் போன் செய்வாள். "அப்பா, கம்ப்யூட்டர் என்னாச்சு? நான் அனுப்பின டாப்லெட்டையாவது வெச்சுப் பாருங்கோளேன்."

"அம்மாவுக்கு அது ஒத்துக்கலைடீ" என்றேன். அந்த டாப்லெட்டைக் காமாக்ஷி பார்த்ததில்லை. நான் அதில் செய்தி படித்துக்கொண்டிருந்தேன்.

வீடு அமைதியாக இருந்தது. உண்மையைச் சொன்னால், எட்டு வருஷத்தில் அந்த நாட்களில்தான் நான் நிம்மதியாக இருந்தேன். ஆமாம் என்றால் காமாக்ஷி கண்ணை மூடுவாள், இல்லை என்றால் திறந்தே வைத்திருப்பாள். கேட்டால்தானே பதில். குளிருகிறதா, ஃபேன் வேண்டுமா என்று கேட்டேன். மற்றதைக் கேட்கவில்லை.

ஜூன் கடைசியில் அவள் உடம்பு சுட்டது. அப்போதுதான் தட்டல் சத்தம் வர ஆரம்பித்தது. மெஷின் இல்லாமலேயே அவள் ஸ்விட்சைத் தட்டிக்கொண்டிருந்தாள். விரல் துடிக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு ஒரு மத்தியானம் உட்கார்ந்து கவனித்தேன். ஒரு தட்டல், நீண்ட இடைவெளி, இன்னொரு தட்டல். எழுத்துகள் ஓடும் வேகத்தை அவள் மனசுக்குள் வைத்திருந்தாள். ஒன்றரை விநாடிக்கு ஒன்றாக எண்ணினேன். இருபத்திரண்டு. ஒன்று. பன்னிரண்டு. ஒன்பது. இங்கிலீஷ் எழுத்து வரிசையில் வைத்துப் பார்த்தேன், வலி என்று வந்தது. எண்ணிக்கை தவறியிருக்கலாம் என்று மறுநாளும் எண்ணினேன். தவறவில்லை.

மூன்றாம் நாள் ஸ்விட்சைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று அவளிடம் சொல்லிவிட்டு எடுத்துவிட்டேன்.

ஜூலை எட்டாம் தேதி சுனிதா வந்தாள். அன்று காலை காய்ச்சல் மாத்திரையைப் பொடித்துக் கஞ்சியில் கலந்திருந்தேன், அதனால் உடம்பு சுடவில்லை. "சேச்சி, எங்கயாவது நோவுதா?" என்று கேட்டாள். காமாக்ஷி கண்ணை இறுக்கி மூடினாள். வெளிச்சம் கூசுகிறது என்றேன். சுனிதா ஜன்னலைச் சாத்திவிட்டு மறுபடி கேட்டாள், காமாக்ஷி மறுபடி மூடினாள். தூக்கக் கலக்கம் என்றேன். "எனக்கென்னமோ பயமா இருக்கு சாரே, டாக்டரை வரச் சொல்லட்டா?" என்றாள். நானே கூப்பிடுகிறேன் என்றேன். எப்போது என்று நான் சொல்லவில்லை.

பதினெட்டாம் தேதி கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. ஆம்புலன்ஸில் கொண்டு போனேன். சிறுநீரகத்தில் சீழ், ரத்தம் முழுக்கப் பரவிவிட்டது, இரண்டு மூன்று வாரமாவது வலியில் துடித்திருப்பார் என்று டாக்டர் சொன்னார். மறுநாள் காமாக்ஷி போய்விட்டாள்.

காரியங்கள் முடிந்ததும் ஸாதனா அந்த மெஷினை மாட்டிப் போட்டாள். உடனே ஓடியது. என் பெண் அல்லவா, மூடியைக் கழற்றினாள். சரிசெய்த தேதியை உள்பக்கம் எழுதி ஒட்டுவது என் வழக்கம் என்று அவளுக்குத் தெரியும். ஜூன் பதினாறு என்று இருந்தது. வேலையில் பொய்த் தேதி போட எனக்குக் கை வராது. ஸாதனா அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதாள், பிறகு உங்களிடம் வந்தாள்.

எனவே ஒப்புக்கொள்கிறேன். சரியான பவர் சப்ளையை முப்பத்துமூன்று நாள் நான் மாட்டவில்லை. அவளுக்கு வலி இருந்தது எனக்குத் தெரியும். அவள் பேசியிருந்தால் பிழைத்திருப்பாள், அதுவும் தெரியும். நான் அவளைச் சித்திரவதை செய்தேன் என்று ஸாதனா எழுதிக் கொடுத்திருப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. மெஷின் நின்ற நாள் முதல் கடைசி மூச்சு வரைக்கும் குளிப்பாட்டியதும் துடைத்ததும் நான்தான். அந்த முப்பத்தெட்டு நாளில் காமாக்ஷி என்மேல் ஒரு குறைகூடச் சொல்லவில்லை.