குழந்தைக்கு நான் என்ன உறவு என்பது பற்றி

என் பெயரும் என் தகப்பனார் பெயரும் முதல் தாளில் எழுதியுள்ளபடி. வயது முப்பத்து நான்கு. சந்தைக்குப் பின்னால் உள்ள பழைய அடுக்குமாடியில், மூன்றாம் மாடியின் கடைசி அறையில், மனைவியோடும் ஆறு வயது மகளோடும் குடியிருந்து வருகிறேன். சந்தையில் உள்ள கோழிக்கடையில் வெட்டும் வேலை செய்கிறேன். அங்கே என்னைக் 'கத்தி' என்று கூப்பிடுவார்கள். அது தொழிலால் வந்த பெயர், அதற்கு வேறு அர்த்தம் இல்லை. இன்று மதியம் இதே நிலையத்தில் நான் சொல்லி எழுதப்பட்ட முதல் வாக்குமூலத்தில் உண்மை இல்லாத ஒன்று இருப்பதால், அதை விலக்கிக்கொண்டு இதைச் சொல்கிறேன்.

மகளைப் பாப்பா என்று கூப்பிடுவோம். அவளைப் பள்ளியில் சேர்க்க வேண்டிய வருடத்தில் நானும் மனைவியும் மூன்று பள்ளிகளைப் பார்த்தோம். தெருமுனை அரசுப் பள்ளியில் மூன்று வகுப்புகளுக்கும் ஒரே ஆசிரியை. நாங்கள் போன அன்று அவரையும் ஏதோ கணக்கெடுப்புக்கு அனுப்பியிருந்தார்கள். பிள்ளைகள் வெறும் கரும்பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அதன் பிறகு பாலத்துக்கு அந்தப் பக்கம் உள்ள தனியார் பள்ளிக்குப் போனோம். வரவேற்பறையில் இருந்த பெண் எங்கள் செருப்புகளைப் பார்த்துவிட்டு, தங்கள் பள்ளியில் குதிரையேற்றம் கற்றுத் தருவதாகச் சொன்னார். வெளியே வந்ததும் மனைவி, "கட்டில் போடவே இடமில்ல, குதிரைய எங்க கொண்டுபோய்க் கட்டுறது" என்றாள். மூன்றாவது, கன்னியர் மடத்து ஆரம்பப் பள்ளி. அது எனக்கு முன்பே தெரியும். மடத்துச் சமையலறைக்கு எங்கள் கடையிலிருந்துதான் கறி போகிறது, நான்தான் பின்வாசல் வழியாகக் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒரு நாள் அப்படிப் போனபோது, ஓர் ஆசிரியை மைதானத்து மண்ணில் முட்டி போட்டு உட்கார்ந்து, ஒரு பையனுக்கு ஷூ நாடா கட்டிவிட்டுக்கொண்டிருந்தார். அவனைத் திட்டவில்லை. பாப்பா இங்கேதான் படிக்க வேண்டும் என்று நான் அன்றே நினைத்தேன்.

அந்தப் பள்ளியின் முன்வாசல் சுவரில், எல்லாக் குழந்தைகளும் கடவுளின் பிள்ளைகள் என்று பெரிதாக எழுதியிருக்கிறது. ஆனால் சேர்ப்பதற்கு முன் தாயையும் தகப்பனையும் உட்காரவைத்துப் பேசிப் பார்ப்பார்கள். எங்கள் மாடியில் இருக்கும் தையல்காரரும் தன் மகனுக்காகப் போனார். சொல்லி அனுப்புகிறோம் என்றார்களாம். இன்றுவரை சொல்லி அனுப்பவில்லை. என் மனைவி அன்று என் கையை எடுத்து முகர்ந்து பார்த்தாள். என்ன சோப்புப் போட்டாலும் அந்த வாடை போகாது. அதன் பிறகு, நேர்காணலில் தன் தம்பியைத் தகப்பனாக உட்காரவைக்கலாம் என்றாள். மருந்துக் கம்பெனிக்காக ஊர் ஊராகப் போகிறவன் அவன். டை கட்டுவான், ஆங்கிலம் பேசுவான். நான் சரி என்றேன். என்னை யாரும் வற்புறுத்தவில்லை.

அதன் பிறகு வீட்டில் பாப்பாவுக்கு ஒரு விளையாட்டு சொல்லிக்கொடுத்தோம். மாமாவை அப்பா என்று கூப்பிட வேண்டும், என்னை மாமா என்று கூப்பிட வேண்டும். சரியாகக் கூப்பிட்டால் ஒரு மிட்டாய். மறந்துபோய் மாற்றிக் கூப்பிட்டால் கிடையாது. முதலில் நிறையத் தோற்றாள். தோற்றால் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுவாள். பிறகு தோற்கவே இல்லை. நேர்காணலின்போது நான் எதிர்ப்பக்கப் பேருந்து நிறுத்தத்தில் நின்றேன். குழந்தைக்கு வீட்டில் என்ன கதை சொல்வீர்கள் என்று தலைமைச் சிஸ்டர் கேட்டதாகவும், தான் சொல்லும் கதைகளை ஒவ்வொன்றாகச் சொன்னதாகவும் மைத்துனன் வந்து சொன்னான். அவை நான் பாப்பாவுக்குச் சொல்லும் கதைகள்.

ஒரு நாள் கூத்து என்றுதான் நினைத்தோம். ஆனால் அந்தப் பள்ளியில், தாய் தகப்பன் படம் போட்ட அட்டை இல்லாமல் யாரிடமும் பிள்ளையை விடுவதில்லை. ஒரு அட்டையில் என் மனைவி படம், இன்னொன்றில் மைத்துனன் படம். அதனால் விளையாட்டை நிறுத்த முடியவில்லை. பெற்றோர் கூட்டங்களுக்கு அவனே போனான். "பாப்பா நல்லாப் படிக்கிறாளாம் அத்தான்" என்று வந்து சொல்வான். தினமும் பாப்பா வேனில் போய் வேனில் வந்தாள். நான் முன்வாசல் பக்கம் போனதே இல்லை.

இன்று காலை கடையில் கூட்டமாக இருந்தபோது மைத்துனன் வெளியூரிலிருந்து போன் செய்தான். பாப்பாவுக்குக் காய்ச்சல், உடனே வந்து அழைத்துப்போகச் சொல்லிப் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள், அக்கா போன் எடுக்கவில்லை என்றான். என் மனைவி வேலை செய்யும் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் உள்ளே போகும்போதே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். "நீங்க போங்க அத்தான். மாமான்னே சொல்லுங்க. வாய் தவறிடாதீங்க" என்றான். நான் போட்டிருந்த ரப்பர் ஏப்ரனோடும் முழங்கால் பூட்ஸோடும் ஓடினேன். ஏப்ரன் பையில் குடல் எடுக்கும் சின்னக் கத்தி இருந்தது. அது அங்கே இருப்பது என் நினைவில் இல்லை. புகாரில் ஆயுதம் என்று எழுதியிருப்பது அதைத்தான்.

வாசலில் காவலாளியிடம் நான் குழந்தையின் மாமா என்றேன். அட்டை கேட்டார். இல்லை என்றேன். என் சட்டையில் இருந்த ரத்தத்தைப் பார்த்துவிட்டு, தள்ளி நிற்கச் சொன்னார். அவர் வேலையை அவர் செய்தார். அதன் பிறகு ஆயா பாப்பாவை வாசலுக்கு அருகில் இருக்கும் பெஞ்சில் கொண்டுவந்து உட்காரவைத்தார். வாந்தி எடுத்து உடுப்பெல்லாம் நனைந்திருந்தது. உதடு வெளுத்திருந்தது. அதைப் பார்த்ததும், "விடுய்யா, என் பொண்ணுய்யா அவ. நான் அவ அப்பன்" என்று சொல்லிவிட்டேன்.

காவலாளி, "இப்பத்தானே மாமான்ன. அதுக்குள்ள அப்பனாயிட்டியா?" என்றார். பிறகு பாப்பாவிடம் திரும்பி, "யாரு பாப்பா இவரு?" என்று கேட்டார். பாப்பா என்னைப் பார்த்தாள்.

"மாமா. எங்கப்பா டை கட்டிருப்பாரு."

சொல்லிவிட்டு, காய்ச்சலோடு, மிட்டாய்க்காக என்னிடம் உள்ளங்கையை நீட்டினாள்.

அதன் பிறகு நான் அவளைத் தூக்கிக்கொண்டு நடந்தது உண்மை. காவலாளி என் ஏப்ரனைப் பிடித்து இழுத்ததும், நான் அவரைத் தோளால் தள்ளியதும், கத்தி கீழே விழுந்ததும் உண்மை. நான் அதைக் கையில் எடுக்கவில்லை, யாரையும் மிரட்டவில்லை. சத்தம் கேட்டுத் தலைமைச் சிஸ்டர் வந்தார், அவர் பின்னால் மடத்துச் சமையல்கார அம்மாவும் ஓடிவந்தார். எனக்கு நல்லது செய்வதாக நினைத்து, "இவரு கோழிக்கடைக்காரருதான் சிஸ்டர், தங்கமான மனுஷன்" என்றார். அப்படியானால் இவர் குழந்தையின் தகப்பன் இல்லை என்று தலைமைச் சிஸ்டர் போலீஸைக் கூப்பிட்டார்.

பாப்பாவையும் ஆயாவோடு இங்கே அழைத்துவந்தார்கள். தலைமைச் சிஸ்டரும் வந்தார். அவர் கோபப்படவே இல்லை. நான் தகப்பன் என்றால் தங்களிடம் பொய் சொல்லிச் சேர்த்திருக்கிறோம், அப்படிச் சேர்ந்த பிள்ளையைப் பள்ளியில் வைத்துக்கொள்ள முடியாது என்றார். தகப்பன் இல்லை என்றால் கடத்தல் புகார் நிற்கும் என்றார். அதன் பிறகு மைத்துனன் போனில் அவரிடம் பேசினான். தான்தான் தகப்பன், தன் மனைவியின் அண்ணனை அனுப்பிவைத்தது தான்தான், வேலையிலிருந்து அப்படியே ஓடிவந்திருக்கிறார், மன்னித்துவிடுங்கள் என்றான். அதை நான் ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகத் தலைமைச் சிஸ்டர் சொன்னார். அதற்குள் தொழிற்சாலை மேலாளரின் போனிலிருந்து என் மனைவியும் பேசினாள். வெளியே விடுவதற்கு இன்னும் சீட்டு எழுதித் தரவில்லையாம். "ஸ்கூல்ல பாப்பா சீட்டு போயிடும்ங்க. மாமான்னே கையெழுத்துப் போடுங்க. நமக்குள்ள தெரியும்ல, அது போதாதா?" என்றாள். எனக்கும் போதும் என்றுதான் பட்டது. அப்படித்தான் முதல் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டேன்.

தலைமைச் சிஸ்டர் மேலதிகாரியிடம் பேச உள்ளறைக்குப் போனார். ஆயா வெளியே போனார். பள்ளிக்காரர்கள் யாரும் பக்கத்தில் இல்லை. பெண் காவலர் மட்டும் பாப்பாவின் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தார். பாப்பா அரைத்தூக்கத்தில் கண்ணைத் திறந்து என்னைத் தேடினாள்.

"மாமா, தண்ணி."

மிட்டாய்க்குக் கை நீட்டவில்லை.

அதன் பிறகுதான் எழுத்தரிடம் போய், முன்பு எழுதியதை விலக்க வேண்டும் என்று சொன்னேன். இன்னொரு முறை யோசிக்கும்படி அவர் சொன்னார். யோசித்துத்தான் சொல்கிறேன் என்றேன். பாப்பாவின் இடம் போகும். தெருமுனைப் பள்ளியில் கரும்பலகையைப் பார்த்தபடி உட்காருவாள். என் மனைவி வந்தவுடன் என்னிடம் பேச மாட்டாள், அது எத்தனை நாளுக்கு என்று தெரியாது. அந்த ஆசிரியை வேறு பிள்ளைகளுக்கு ஷூ நாடா கட்டிவிடுவார். எல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன்.

இதைச் சொல்ல உட்காருவதற்கு முன் பாப்பாவுக்குத் தண்ணீர் கொடுத்து, விளையாட்டு முடிந்துவிட்டது, இனி என்னை அப்பா என்றே கூப்பிடலாம் என்று சொன்னேன்.

"அப்போ யாரு ஜெயிச்சா?" என்று கேட்டாள்.

ஈரத்துணியை மறுபடி நனைத்து அவள் நெற்றியில் போட்டுவிட்டு, எழுத்தர் முன் வந்து உட்கார்ந்தேன்.

மேலே உள்ளதை எழுத்தர் எனக்குப் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. எதையும் கூட்டவோ குறைக்கவோ இல்லை. காவலாளியைத் தள்ளியதற்கு என்ன நடவடிக்கை எடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். குழந்தையை என்னிடம் ஒப்படைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

(கையெழுத்து)
குழந்தையின் தகப்பன்