சம்மட்டிக்கு ஒரு காபி நேரம்

டீச்சர், இதை யாரிடமும் காட்டாதீர்கள். நாளை இரங்கல் கூட்டத்தில் பள்ளியின் சார்பில் நான் படிக்க வேண்டிய உரையைத் தொழிற்சாலை அலுவலகமே தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறது. லுத்விக் மாமா இறந்ததற்குக் காரணம் “அவருடைய கவனக்குறைவு” என்று அதில் இருக்கிறது. அது பொய். அன்று நடந்ததை அப்பா அடுக்களையில் அம்மாவிடம் அழுதுகொண்டே சொன்னார். சுவருக்கு இந்தப் பக்கம் நான் கேட்டேன். அதனால் வேறு உரை எழுதுகிறேன். காலையில் உங்களிடம் ஒரு பிரதி தருவேன். மேடையில் எனக்குக் குரல் வராமல் போனால் மீதியை நீங்கள் படியுங்கள். அதுவரை அப்பாவுக்குத் தெரியக் கூடாது.

மேடையில் வீற்றிருக்கும் தொழிற்சாலை இயக்குநர் அவர்களே, தொழிலாளர் மன்றத் தலைவர் அவர்களே, கல்லறை வரை வாசித்து வந்த பேண்டு குழுவினரே, முதல் வரிசையில் கறுப்பு முக்காட்டுடன் அமர்ந்திருக்கும் லுத்விக் மாமாவின் மனைவி ஸோஃப்கா அத்தை அவர்களே, மேடையின் ஓரத்து நாற்காலியில் இருக்கும் சம்மட்டிக் கூடத்து ஃபோர்மேனும் என் அப்பாவுமான ஸ்டானே அவர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

மூன்றாம் இயந்திரச் சம்மட்டியின் தலைமைத் தொழிலாளர் லுத்விக் கோரென் அவர்கள் இன்று நம்மிடையே இல்லை. எனக்கு அவர் ஞானத்தகப்பன். பழுக்கக் காய்ந்த எஃகைக் குறட்டால் புரட்டிய அந்தக் கைகள்தான் ஞானஸ்நானத்தன்று என்னை ஏந்தி நின்றன.

அவர் எப்படிப்பட்டவர்? சம்மட்டிச் சத்தத்தில் காது மந்தமானவர். ரகசியம் பேசத் தெரியாதவர். என் முதல் நற்கருணை அன்று கோவிலில் அத்தையின் காதில் கிசுகிசுப்பதாக நினைத்துக்கொண்டு, “சாமியார் இன்னும் முடிக்கலையா? உன் வால்நட் ரொட்டி காஞ்சு போயிடும்” என்றார். கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. சாமியாரும் சிரித்துவிட்டுப் பிரசங்கத்தைச் சுருக்கிக்கொண்டார்.

வேலையில் அவர் எப்படி? அதை நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. ஞாயிறு முழுவதும் ஓய்ந்து கிடந்த சம்மட்டியில், எஃகுக்கு வடிவம் தரும் அச்சுகள் திங்கள் காலையில் பனிக்கட்டியாக இருக்கும். அப்படியே அடித்தால் அச்சு வெடித்துச் சிதறும். அதனால் அவர் காய்ந்து சிவந்த எஃகுக் கட்டி ஒன்றை மேல் அச்சுக்கும் கீழ் அச்சுக்கும் நடுவில் வைத்துவிட்டு, அடிக்காமல் காத்திருப்பார். பிறகு விரலால் தண்ணீர் தெளிப்பார். அச்சு சீறினால்தான் சம்மட்டியை இயக்கும் மிதியில் கால் வைப்பார். அதுவரை அவர் குழு காபி குடிக்கும். அதற்கு அவர் வைத்த பெயர் ‘சம்மட்டிக்குக் காபி’.

பக்கத்துச் சம்மட்டிக்காரர்கள் விடுவார்களா? “உன் சம்மட்டி என்ன மாமியாரா லுத்விக்? காபி குடுத்தாத்தான் எந்திரிக்குமா?”

“மாமியாருக்குக் குடுக்கலேன்னா திட்டோட போயிடும். இவளுக்குக் குடுக்கலேன்னா ஆளே போயிடுவான்டா.”

சிரித்தீர்கள். எல்லோரும் சிரித்தோம்.

அந்தத் திங்கட்கிழமை, மாரிபோர் நகருக்குப் போக வேண்டிய லாரி வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. டிராக்டர் பாகங்கள் ஏன் இன்னும் வரவில்லை என்று அலுவலகம் கேட்டது. ஃபோர்மேன் மூன்றாம் சம்மட்டிக்கு வந்தார்.

“ஆரம்பி லுத்விக்.”

“காபி ஆகல ஸ்டானே.”

“லாரி நிக்குது. இன்னைக்கு ஒரு நாள்தானே.”

“நிக்கட்டும். என் கால் மேலயா நிக்குது?”

குழு சிரித்தது. ஃபோர்மேன் சிரிக்கவில்லை. “எனக்காகச் செய்யி. நீ என் பிள்ளைக்கு ஞானத்தகப்பன்” என்றார்.

லுத்விக் மாமா மிதியில் கால் வைத்தார். மேல் அச்சு பிளந்தது. ஒரு சில்லு அவர் கழுத்தில் பாய்ந்தது.

அவர் கவனக்குறைவாக இருந்தாரா? தண்ணீர்க் கிண்ணம் அவர் பக்கத்தில் இருந்தது. விரல் நனைந்திருந்தது. தெளித்தும் பார்த்திருந்தார். அச்சு சீறவில்லை. தெரிந்தேதான் கால் வைத்தார். நட்பு கேட்டதால் வைத்தார். ஃபோர்மேன் சொன்ன அந்தப் பிள்ளை நான். என் பெயரால் அவரைக் கேட்காமல் இருந்திருக்கக் கூடாதா? ஒரு காபி நேரம் அந்த லாரி காத்திருக்கக் கூடாதா?

வேலையில் உயிர் விட்டவர்களின் பெயர்களைத் தொழிற்சாலை வாசலில் உள்ள கல்லில் செதுக்குகிறோம். தன் தவறால் இறந்தவன் பெயர் அதில் ஏறுவதில்லை. அலுவலகம் எழுதிய உரையை நான் படித்தால், லுத்விக் கோரென் என்ற பெயருக்கு அந்தக் கல்லில் இடமில்லை. ஸோஃப்கா அத்தை தினமும் அந்தக் கல்லைத் தாண்டித்தான் ரொட்டி வாங்கப் போக வேண்டும்.

அப்பா, எனக்கு உங்கள் மேல் கோபம் இல்லை. பயம்தான் இருக்கிறது. அன்றிலிருந்து நீங்கள் காபியைத் தொடுவதில்லை. அம்மா ஊற்றி வைத்தது மேசையிலேயே ஆறிப் போகிறது. எனக்குப் பிறகு நீங்கள் எழுந்து நின்று, “நான்தான் சொன்னேன்” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

பெரியோர்களே, அவர் விட்டுச் சென்ற வேலையை நாம் தொடர்வோம். இனி எந்தத் திங்கட்கிழமையும் எந்தச் சம்மட்டியையும் குளிர்ந்த அச்சோடு விழ விடமாட்டோம். அவர் பெயர் அந்தக் கல்லில் ஏறும் வரை நான்

டீச்சர், கதவைத் தட்டுகிறார்கள். அப்பா.

“தாரிங்கா, முழிச்சிருக்கியாம்மா? கதவத் திற. நாளைக்கு வாசிக்கப் போறத அப்பாவுக்கு ஒரு தடவ வாசிச்சுக் காட்டு.”