பதினைந்தாவது மாதம்

பிள்ளைகளே, ஆரணியில் வேலூர் பஸ் புறப்பட்டதும், என் முன்சீட்டில் இருந்த கல்லூரிப் பெண் தன் தோழியிடம் சொன்னாள்:

“நம்ம நாட்டுக்கு இன்னும் சுதந்திரம் வரலடி.”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

“நாட்ட ஆள்ற கம்ப்யூட்டர் கேம்ல நம்ம சுதந்திரம் வர்ற கட்டத்த நானே ப்ரோக்ராம் எழுதி சேத்தேன்ல? ஆடிகினே இருக்கேன், வெள்ளைக்காரன் போவவே மாட்றான். இன்னிக்கு காலேஜ்ல எல்லாருக்கும் காட்டணும். ஒரே பேஜாரா இருக்கு, அழுகையே வருது.”

“தேதி எப்டி எழுதின?”

“பதினஞ்சு, எட்டு, நாப்பத்தேழு.”

“அடி லூசு! அந்த கேம்ல மாசந்தான் மொதல்ல. பதினஞ்சாவது மாசம் எப்ப வர்றது, அவன் எப்ப போறது?”

“அய்யோ, அவ்ளோதானா! மாத்தினா போயிடுவானா?”

“ஒரே நிமிஷம்.”

“அப்பாடா!” என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்றார். “சுதந்திரம் வாங்கியாச்சில்ல? டிக்கெட்டும் வாங்கிடுங்கம்மா.”